கோப்பன்ஹேகனில் ஒரு குரு ஓரை

இதை எழுதுவதா விடுவதா என்று நாலைந்து வருஷமாக என் மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அளவெட்டியில் மிளகாயும் அரிசியும் அரைக்கிற சின்ன மில் ஒன்றை நடத்திப் பிழைக்கிறேன். மா மூட்டை தூக்கின கை பேனா பிடித்தால் எழுத்து எப்படி வருமென்று எனக்கே தெரியும். அதோடு, வெள்ளி விரதம் பிடிக்கிற சைவக்காரன் ஒருவன் யூத சமயத்தாரின் நேரக்கணக்கைப் புகழ்ந்து எழுதினால் கோயிலடியில் என்ன கதைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. ஆனால் பெற்ற உதவியைச் சொல்லாமல் வைத்திருப்பது நல்லதில்லை. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

என் தங்கை சரோ டென்மார்க்கில் டோஸ்ட்ருப் என்ற இடத்தில் இருக்கிறாள். மச்சான் காலமாகிப் பல வருஷம். ஒரே பிள்ளை நிரூபன் அங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறான். கிரின்ஸ்டெட்டில் இருக்கிற எங்கள் ஆட்களின் பெட்டை ஒன்றுக்கும் அவனுக்கும் கலியாணம் சரிவந்தது. எங்கள் முறைப்படி கலியாணத்துக்குச் சில நாள் முந்தி மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் பார்த்துப் பொன்னுருக்க வேண்டும். விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, ஒரு பவுணை ஆசாரி கையில் கொடுத்து, எல்லோரும் பார்த்திருக்க உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்விப்பது. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன்தானே நிற்கவேண்டும்? அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

விமான நிலையத்திலிருந்து காரில் போகும்போதே சரோ சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணை, எனக்குப் பொன்னுருக்கேல்லை. தெரியும்தானே?"

தெரியும். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த காலத்தில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. உருக்கப் பொன்னும் இல்லை, உருக்க ஆசாரியும் இல்லை. யாரோ விற்ற தாலியை வாங்கிக் கட்டினோம்.

"அதாலைதான் அவர் அப்பிடிப் போனாரெண்டு நான் சொல்லேல்லை. ஆனா நெஞ்சுக்குள்ளை கிடக்கு. இவன்ரை தாலியாவது நேரத்துக்கு உருகவேணும். நேரம் பிசகினால் நான் மணவறைக்குக் கிட்டவும் வரமாட்டன்."

நிரூபன் கார் ஓட்டிக்கொண்டு டேனிஷ் மொழியில் ஏதோ முணுமுணுத்தான். "தமிழிலை சொல்லடா," என்றாள் சரோ. "ஒண்டுமில்லை அம்மா, சரி எண்டு சொன்னனான்," என்றான்.

அது நவம்பர்க் கடைசி, கார்த்திகை நடு. மத்தியானத்திலும் சூரியன் ஒரு வடலிப் பனை உயரத்துக்குக்கூட ஏறவில்லை. சரோ வீட்டு யன்னலில் நின்று, இதென்ன காலமையா பின்னேரமா என்று நான் கேட்க, அவள் சிரித்தாள். அன்றைக்கு இடியப்பமும் சொதியும் வைத்தாள். மிளகாய்த்தூள் என் மில்லில் அரைத்ததுதான். கறுப்புப் பாண் ஒன்றும் தந்தாள். மரத்தூளைப் பிசைந்து சுட்டதுபோல இருந்தது. இரண்டாம் நாள் சம்பலோடு தின்று பார்த்தேன். அதற்குப் பிறகு நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை தனியாக ரயிலில் ஏறி ஊர் பார்க்கப் புறப்பட்டேன். ஏறியதும் ஊரில் இருக்கிற என் மனுசிக்கு ஃபோன் எடுத்து, மில் சத்தத்துக்குப் பழகின என் குரலில், "சேர்ந்திட்டன், குளிர்தான், சாமிக்கு விளக்கு வைச்சனீரே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற அம்மா ஒருவர் கையால் எதையோ காட்டினார். இருக்கக் கேட்கிறாவாக்கும் என்று எழும்பி இடம்விட்டேன். அவர் இன்னும் சிவந்துபோய் யன்னலில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். அது சத்தம் போடக்கூடாத பெட்டி. வெட்கத்தில் அடுத்த நிலையத்தில் இறங்கி, எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் முழித்தேன். சைக்கிள் உருட்டிவந்த ஒரு பொடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் போனான். அவன் நல்லாயிருக்கவேண்டும்.

பின்னேரம் கீழ்வீட்டுப் பாலா அண்ணை வந்தார். டோஸ்ட்ருப்பில் எங்கள் ஆட்களுக்கு நாள் நட்சத்திரம் சொல்வது அவர்தான். எங்கள் ஊர்ச் சாத்திரியார், 'வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டாம் ஓரை, குரு ஓரை. அதைவிட்டால் மார்கழிக்கு முந்தி இந்தப் பிள்ளைக்குப் பொருந்தின நேரம் இல்லை' என்று சொல்லி அனுப்பியிருந்தார். மார்கழி பிறந்தால் கலியாணமே இல்லை.

"வெள்ளி குரு ஓரை அஞ்சிலையிருந்து ஆறு," என்றார் பாலா அண்ணை. "கலண்டரைப் பாக்கவும் தேவையில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாரும் வேலை முடிச்சு வர வசதியாயும் இருக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம், பன்னிரண்டாம் ஓரை ஐந்து மணிக்கு. பிறந்த நாளிலிருந்து அப்படித்தானே பார்த்துவருகிறோம்?

"அதுசரி, ஆசாரி ஆர்?" என்று கேட்டார்.

"ஒரு டேனிஷ் ஆள். யூத சமயம். பேர் ஹன்னா," என்றான் நிரூபன்.

"பொம்பிளை ஆசாரியோ?" பாலா அண்ணை என்னைப் பார்த்தார். "சரோ, உம்மடை மகன் இனி ஐயருக்குப் பதிலா ரோபோவைக் கூட்டிவருவான்."

"மற்றக் கடையளிலை செய்த தாலிதான் தருவினமாம். குடும்பமா வந்து விளக்கு வைச்சு உருக்கிறதைப் பாக்கலாமெண்டு சொன்னது இவ மட்டும்தான், மாமா," என்று நிரூபன் என்னிடம் சொன்னான். "வெள்ளிக்கிழமை எண்டு சொல்லிவைச்சனான். நேரத்தை நாளைக்குப் போய்ச் சொல்லுவம்."

வியாழக்கிழமை போனோம், சரோவும் நானும் நிரூபனும். கோப்பன்ஹேகனில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அவர் குடியிருக்கிற அறைகள். ஹன்னாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். முட்டை போட்டிருக்கிறதா என்று நிரூபனைக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"நானும் போகிற இடமெல்லாம் இப்படித்தான் கேட்பேன். என்னைக் கண்டால் சமையல்காரர்கள் ஒளிப்பார்கள்."

அவர் சொன்னதையெல்லாம் நிரூபன் தமிழாக்கித் தந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து மணி என்றதும் அவர் முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கா? அந்த நேரம் சூரியன் மறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். எங்கள் ஓய்வுநாள் பிறந்துவிடும். அதற்குப் பிறகு நான் நெருப்பு மூட்டமாட்டேன். மூட்டின நெருப்பை அணைக்கவும் மாட்டேன். என்னை மன்னியுங்கள்."

சரோ தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தாள். நிரூபன் வெளியே போய்ப் பாலா அண்ணைக்கு ஃபோன் எடுத்தான். அவர் கத்தியது உள்ளே எனக்கும் கேட்டது.

"ஒருநாள் கொஞ்சம் பிந்தினால் அவவுக்கு என்ன குறைஞ்சுபோகும்? கெஞ்சிக் கேளுங்கோவன்!"

நான் வெளியே போய் ஃபோனை வாங்கினேன். "பாலா அண்ணை, ஒருநாள்தானே எண்டு என்னை வெள்ளிக்கிழமை மச்சம், இறைச்சி தின்னச் சொல்லுவியளோ?"

"அது வேறை, இது வேறை."

"எப்பிடி வேறை?" என்றேன்.

என்றாலும் உள்ளே வந்து தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது கதைக்கவேண்டுமே என்றுதான் ஹன்னாவிடம் கேட்டேன்: "இந்த முகிலுக்குள்ளை சூரியன் மறையிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. மேசையிலிருந்த வெள்ளிக் கம்பியில் நீளமாக ஒரு துண்டும் கட்டையாக ஒரு துண்டும் நறுக்கி என் முன்னால் வைத்தார். "நீளமானது ஆனி மாதப் பகல் என்று வையுங்கள். கட்டையானது இப்போதைய பகல். இந்த நுனி உதயம், அந்த நுனி அஸ்தமனம்." கவராயத்தை எடுத்து இரண்டிலும் கீறல் போட்டார். நீளத்தில் அகலம் அகலமாகப் பன்னிரண்டு, கட்டையில் நெருக்கமாகப் பன்னிரண்டு. "எங்கள் சட்டத்தில் எல்லாப் பகலுக்கும் பன்னிரண்டு மணிதான். கோடையில் மணி நீளும், மாரியில் சுருங்கும். மூன்றாவது கீறலுக்குள் காலைப் பிரார்த்தனையைச் சொல்லிவிடவேண்டும். பிற்பகல் பிரார்த்தனைக்கும் இதிலே இடம் உண்டு. சுவரிலே இருக்கிற மணிக்கூடு ரயில் பிடிக்கத்தான்."

நாள் பிறப்பது அவர்களுக்கு விடியலில் அல்ல, பொழுதுபடும்போது. சூரியன் மறைந்து மூன்று நட்சத்திரம் தெரிகிறவரைக்கும் பகலா இரவா என்று தீர்க்கமுடியாத நேரமாம். நேற்றும் அதை விடாது, நாளையும் அதை விடாது, அதனால் இரண்டுக்கும் உரிய கட்டுப்பாட்டோடு நடக்கவேண்டுமாம். நாங்கள் மைம்மல் என்று சொல்லி, படுக்காமல், சாப்பிடாமல், விளக்கு வைத்துக் கும்பிடுகிற நேரத்தைத்தான் அவர் சொல்கிறார் என்று விளங்கியது. "ஆனி மாதத்தில் இங்கே இருட்டே வராது," என்றார். "நட்சத்திரம் பார்த்து ஓய்வுநாளை முடிக்கக் காத்திருந்து, சின்ன வயதில் நான் யன்னலடியிலேயே நித்திரையாகிவிடுவேன்."

நான் அந்தக் கட்டைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை பன்னிரண்டு.

"சரோ! இது எங்கட ஓரையடி!"

உடனே ஊருக்கு ஃபோன் எடுத்தேன். சாத்திரியார் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கை எத்தினை மணிக்குச் சூரியன் உதிக்குது?"

"எட்டேகால் போலை."

"அப்ப எட்டேகாலிலையிருந்து எண்ணும்! அளவெட்டியிலை உதிச்ச சூரியனைப் பெட்டியிலை வைச்சுக் கட்டிக்கொண்டே போனனீர்? பன்னிரண்டாம் ஓரை எண்டுதானே சொன்னனான். அஞ்சு மணி எண்டு நான் சொன்னனானோ?"

அவர் சொல்லவில்லைதான். நாங்கள்தான் ஊர் மணிக்கூட்டை இங்கே கொண்டுவந்தோம். நிரூபன் விஷயத்தை விளக்க, ஹன்னா கம்பியின் கடைசிப் பிரிவில் விரலை வைத்தார். மூன்று மணி கழிந்து சற்று நேரத்தில் அது தொடங்குகிறது. மூன்றே முக்கால் ஆவதற்கு முன்னரே நுனி வந்துவிடுகிறது. அந்தக் கடைசிப் பிரிவுக்கு நடுவில் இன்னொரு கீறல் போட்டார். "வெள்ளிக்கிழமையில் நான் மெழுகுதிரி ஏற்றுவது இதிலே. ஏற்றிவிட்டால் எனக்கு ஓய்வுநாள்தான். நுனிவரைக்கும் போகாமல் முன்னரே நிறுத்துவது, தவறி அந்தப் பக்கம் விழாமல் இருக்க."

"கிணத்துக்குக் கட்டு மாதிரி," என்றேன். நிரூபன் சொல்ல, தலையாட்டிச் சிரித்தார்.

ஆக, ஓரை தொடங்குவதற்கும் அவர் மெழுகுதிரி ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் பொன் உருகினால் போதும். சரோ எழும்பி, கூச்சத்தை விட்டு, ஹன்னாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யார் வருவார்கள்? எல்லோருக்கும் வேலை. வந்தது பாலா அண்ணை மட்டும்தான். பிழை விட்டவன் நான், நான் வராமல் எப்படி என்று சால்வை போர்த்துக்கொண்டு வந்து நின்றார். பெரிய மனம். ஆனால் குளிருக்கு நிரூபனின் கார் உயிர்பெறவில்லை. சாவி திருப்பத் திருப்ப ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை. குத்துவிளக்கை நிரூபன் தூக்க, நிறைகுடத்தைச் சரோ இடுப்பில் வைக்க, தேங்காயும் வெற்றிலைத் தட்டமும் என் கையில், பலகாரப் பை பாலா அண்ணை கையில். அப்படியே ரயிலுக்கு ஓடினோம்.

பெட்டிக்குள் ஒரு டேனிஷ் கிழவி குத்துவிளக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீடு மாறுகிறீர்களா?"

"இல்லை, கலியாணத்துக்குப் பொன் உருக்கப் போகிறோம்," என்றான் நிரூபன்.

"ரயிலிலா?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. என் கை விறைத்திருந்ததைக் கண்டு அந்தக் கிழவி தேங்காயை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது, "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "உடைப்போம்," என்றதும் பாவம், கவலையோடு தந்தார்.

தெருவில் உறைபனி. பாலா அண்ணை இரண்டு தரம் சறுக்கினார். "நான் விழுந்தாலும் நில்லாதேங்கோ, ஓடுங்கோ!" என்று பின்னாலிருந்து கத்தினார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஓரை தொடங்கியிருந்தது. ஹன்னா நல்ல சட்டை உடுத்து, அதன்மேல் தோல் ஏப்ரன் கட்டி, பொன் உருக்குகிற கிண்ணமான மூசையைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். திறந்திருந்த கதவுக்கு அப்பால் பின் அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, அதன்மேல் ஏற்றாத இரண்டு மெழுகுதிரி.

சரோ குத்துவிளக்கை ஏற்றினாள். பிள்ளையாரைக் கும்பிட்டு, நான் பவுணை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன். தேங்காயை வெளிப்படியில் உடைத்தேன். ஹன்னா பவுணை மூசையில் போட்டு நெருப்பைப் பிடித்தார். நன்றாகத்தான் தொடங்கியது. அரைவாசியில் நெருப்பு மெலிந்து, நீலம் போய் மஞ்சளாகி, அணைந்தே போனது. காஸ் முடிந்துவிட்டது.

அவர் பதறவில்லை. வேறு சிலிண்டர் எடுத்து மாட்டினார். ஆனால் மூசை ஆறிப்போயிற்று, முதலிலிருந்து சூடாக்கவேண்டும். பவுண் சிவந்தது. சிவந்து, வட்டம் குலையாமல், அப்படியே கிடந்தது. யன்னலுக்கு வெளியே முகில் கிழிந்து, எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் நின்றது.

ஹன்னா ஒரே ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

சரோ அதைக் கண்டுவிட்டாள். "அண்ணை, அவ யன்னலைப் பாக்கிறா."

"தெரியும்."

"மெழுகுதிரி ஏத்திற நேரம் போயிட்டுதோ?"

நிரூபன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லத் தயங்கினான். அந்தத் தயக்கமே போதும்.

சரோ முன்னுக்குப் போனாள். "தங்கச்சி, நிப்பாட்டுங்கோ. போதும். போய் உங்கடை விளக்கை ஏத்துங்கோ."

"அம்மா!" என்றான் நிரூபன்.

"நீ சொல்லடா அவவுக்கு! நிப்பாட்டச் சொல்லு!"

அவன் சொன்னான். ஹன்னா மூசையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: "உங்கள் மாமா சொன்ன கிணற்றுக் கட்டில்தான் நிற்கிறேன். இன்னும் விழவில்லை. சூரியன் இருக்கிறது. இந்த இடம் நான் எனக்காக விட்டுவைத்தது, அதை யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம். கொஞ்சம் பேசாமல் இருங்கள்."

அப்போது பவுணின் ஓரம் கரைந்தது. வட்டம் குலைந்து, சுருங்கி, ஒரு துளியாகத் திரண்டு மூசைக்குள் உருண்டது. சின்னச் சூரியனைப் போல என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு அது ஒரு சொட்டு நல்லெண்ணெய் போலத்தான் தெரிந்தது. அவர் அதைத் தண்ணீரில் போட, சீறியது. எடுத்துத் தட்டத்தில் வைத்தார். நெருப்பை நிறுத்தினார். ஏப்ரனைக் கழற்றியபடியே பின் அறைக்கு நடந்து, ஒரு நெருப்புக்குச்சி உரசி, இரண்டு திரியையும் ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கூரைக்கு மேல் வெளிச்சம் அப்போதும் மெல்லியதாக இருந்தது. நான் சாட்சி. அது போனது அதற்குப் பிறகுதான்.

எங்களைக் கும்பிடும்படி யாரும் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேரும் பட்டறையில் கைகூப்பி நின்றோம். பாலா அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹன்னா பட்டறைக்குத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அவசரம் ஒரு துளியும் இல்லை. பலகாரத்தைத் தொடவில்லை, வாழைப்பழமும் உடைத்த தேங்காயில் ஒரு சொட்டும் வாங்கிக்கொண்டார். இனிப் பொன்னைத் தான் கையில் எடுக்கக்கூடாது என்றும், மறுநாள் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு கொண்டுவந்தால் தாலி செய்ய இருப்பேன் என்றும் சொன்னார். குத்துவிளக்கைச் சரோ பூவால் நூர்த்துத் துடைத்து எடுத்துக்கொண்டாள்.

ரயிலடிக்கு நடக்கும்போது பாலா அண்ணை கேட்டார்: "ஏன் சரோ, இவ்வளவு பாடுபட்டு வந்து நிப்பாட்டச் சொன்னீர்? உருகாமல் விட்டிருந்தா?"

"அவ தன்ரை விளக்கை விட்டுட்டு உருக்கித் தந்தா, அந்தப் பொன் என்ரை பிள்ளைக்கு எப்பிடி நல்லாயிருக்கும் அண்ணை?" என்றாள் சரோ. சொல்லிவிட்டு, பொன் இருந்த தட்டத்தைச் சால்வையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் கண்டதில்லை.

கலியாணம் அடுத்த கிழமை சிறப்பாக நடந்தது. ஹன்னா வந்தார். தாலி கட்டும்போது பூப்போட்டார். சரோ மணவறைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். பிள்ளைகள் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறார்கள். கடவுளுக்கு நன்றி, அந்த மனுசிக்கும் நன்றி.

வாசிக்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குக் கொடுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி கொடுங்கள். போன வருஷம் எங்கள் ஊர்க் கடையில் ஒருவர் இந்தக் கதையை எனக்கே சொன்னார். அவர் கதையில் ஆசாரி ஒரு கிழவர். குரு ஓரை ஐந்து மணி, மூன்று மணி என்றால் பிழை என்று யாரோ திருத்தியிருந்தார்கள். கடைசியில் பிள்ளையார் சூரியனைப் பிடித்து நிறுத்தினாராம். தயவுசெய்து அப்படி மாற்றாதீர்கள். மூன்று மணி கழிந்த நேரம் என்பதுதான் சரி, அந்த ஊரில் அன்றைக்குப் பன்னிரண்டாம் ஓரை அதுதான். ஆசாரி ஒரு பெண். சூரியன் யாருக்காகவும் நிற்கவில்லை, தன் நேரத்துக்குப் போனது. நின்றவர் ஹன்னா.